மோட்டார்ஹோம் பின்னாடி இழுத்துட்டு வர்ற கார் ஆடுதா? எங்க பார்க்கணும், எதை முதல்ல பார்க்கணும்

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிக்கிற வீட்டு வண்டி) பின்னாடி காரை நாலு சக்கரமும் தரையில உருள்ற மாதிரி கட்டி இழுக்கிறவங்களுக்கு இருக்கிற பெரிய பிரச்சனையே, அந்த கார் பின்னாடி என்ன பண்ணுதுன்னு டிரைவர் சீட்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிறதுதான். முன்னாடி போறது பத்து டன்னுக்கு மேல இருக்கிற வண்டி, பின்னாடி வர்றது ரெண்டு டன்னு, அது என்ன உதறு உதறினாலும் அந்த உதறல் டோ பார் (காரை முன்னாடி வண்டியோட இணைக்கிற இழுவைக் கம்பி) வழியா முன்னாடி வந்து சேர்றதுக்குள்ள செத்துப் போயிடும். டயர் தேஞ்சு கம்பி தெரியிற அளவுக்கு போனப்புறம்தான் பல பேருக்கு விஷயமே தெரிய வருது. அதனால இதை கொஞ்சம் விவரமாவே எழுதுறேன், யாருக்காவது உதவும்.

எங்க கார் முன்னாடி சாலிட் ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் ஒரே கெட்டி அச்சு சேர்க்கிற அமைப்பு) இருக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டி. செகண்ட் ஹேண்டா வாங்கினது, எங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் லிஃப்ட் கிட் போட்டு ஒசத்தி, டயரும் பெருசா மாத்தியிருந்தார். தனியா ஓட்டினா எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஒருநாள் ஹைவேல, பாலம் ஆரம்பிக்கிற இடத்துல ரோட்ல ஒரு இரும்பு ஜாயிண்ட் வரும்ல, அதுல ஏறி இறங்கினதும் பின் கேமரா மானிட்டரைப் பார்த்துட்டு இருந்த என் மனைவி, "என்னங்க, முன் சக்கரம் ரெண்டும் என்னமோ பேய் பிடிச்ச மாதிரி ஆடுது, மெதுவா ஓரங்கட்டுங்க"ன்னு சொன்னாங்க. எனக்கு சீட்ல ஒரு சின்ன அதிர்வு கூட இல்லை. மானிட்டர்ல பார்த்தா முன் டயர் ரெண்டும் இடம் வலம்னு அடிச்சுக்கிட்டு இருக்கு, பம்பர் கூட சேர்ந்து குலுங்குது. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து, பிரேக்கை லேசா தொட்டு தொட்டு வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். மணிக்கு 30 மைலுக்கு கீழ வந்தப்புறம்தான் நின்னுச்சு.

இந்த மாதிரி நேரத்துல சடார்னு பிரேக் அடிக்காதீங்க, ஸ்டீயரிங்கையும் ஒடிக்காதீங்க. அந்த உதறல் ஒரு தடவை ஆரம்பிச்சிடுச்சுன்னா தானா அடங்காது, வேகம் நல்லா குறைஞ்சாதான் அடங்கும். ஆக்சிலரேட்டர் குடுத்து இழுத்தா நேராகிடும்னு சில பேர் சொல்வாங்க, அது கார் வால் மாதிரி ஊசலாடுறதுக்கு வேணா கொஞ்சம் பொருந்தும், சக்கரம் உதர்றதுக்கு பொருந்தவே பொருந்தாது.

இதுதான் நான் முதல்ல சொல்ல வர்ற விஷயம். எல்லாரும் பொதுவா "ஆடுது"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம், ஆனா ஆட்டத்துல மூணு வகை இருக்கு, மூணுக்கும் காரணம் வேற வேற. ஒண்ணு, முன் சக்கரம் மட்டும் படபடன்னு அடிக்கிறது, ஒரு செகண்டுக்குள்ளேயே பல தடவை இடம் வலம் போயிட்டு வரும். ரெண்டாவது, முழு காரும் மெதுவா ஒரு பக்கம் போய் திரும்ப இன்னொரு பக்கம் வர்றது, லாரி பக்கத்துல ஓவர்டேக் பண்றப்போவும் பக்கக் காத்து அடிக்கிறப்போவும் இது கூடும். மூணாவது, மேல கீழ குதிக்கிறது. முதல் வகைன்னா காரோட முன் பக்க ஸ்டீயரிங் சஸ்பென்ஷன்ல தேடணும். ரெண்டாவதுன்னா டோ பார், ஹிட்ச் (மோட்டார்ஹோம் பின்னாடி டோ பாரை மாட்டுற கொக்கி அமைப்பு), மோட்டார்ஹோமோட பின் பக்கம். மூணாவது பெரும்பாலும் ரோடு, ஷாக் அப்சார்பர், டயர் காத்து. இதைப் பிரிக்காம பார்ட்ஸ் மாத்த ஆரம்பிச்சா பணம்தான் போகும்.

பிரிக்கிறதுக்கு நான் கண்டுபிடிச்ச நல்ல வழி இதுதான். காரோட ஸ்டீயரிங் வீல்ல உச்சியில ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டினேன். பழைய போன் ஒண்ணை பின் சீட் பக்கமா ஸ்டாண்ட்ல நல்லா இறுக்கி மாட்டி, ஸ்டீயரிங் வீல் தெரியிற மாதிரி வீடியோ ஆன் பண்ணி விட்டுட்டு, டிராஃபிக் இல்லாத ரோட்ல கொஞ்ச தூரம் இழுத்துட்டு போய் வந்தோம். (கார்ல யாரும் உட்காரக்கூடாது, இழுக்கிறப்போ காருக்குள்ள ஆள் இருக்கிறது ஆபத்து.) அந்த வீடியோவை ஸ்லோமோஷன்ல பார்த்தா கதையே தெரிஞ்சுடுது. நேரான ரோட்ல டேப் நடுவுல லேசா மிதந்துட்டு இருக்கணும். எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, ஒவ்வொரு சின்ன மேடு பள்ளத்துக்கும் டேப் துடிச்சுது, அது மட்டும் இல்லாம கூர்மையா ஒரு ரைட் திரும்பினப்புறம் ரோடு நேரானாலும் டேப் உடனே நடுவுக்கு வரலை, ரொம்ப தூரத்துக்கு ஒரு பக்கமாவே நின்னுட்டு அப்புறம்தான் வந்துச்சு, அதாவது அவ்வளவு தூரமும் டயர் பக்கவாட்டுல தேய்ஞ்சுக்கிட்டே வந்திருக்கு. ரெண்டு குறை, ரெண்டுக்கும் காரணம் வேறன்னு அப்பவே மனசுக்கு பட்டுச்சு.

ஏன் ஓட்டுறப்போ வராத உதறல் இழுக்கிறப்போ மட்டும் வருதுன்னு பல பேர் கேட்பாங்க. நீங்க ஓட்டுறப்போ உங்க ரெண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு இருக்கு, பவர் ஸ்டீயரிங் வேலை செய்யுது, சின்ன பிளே (ஜாயிண்ட்ல லூஸான அசைவு) இருந்தாலும் கை அதை அமுக்கிடும். இழுக்கிறப்போ ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆளே கிடையாது. சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுற மாதிரிதான், ஹேண்டில்பார் பேரிங் லூஸா இருந்தா அப்பதான் காட்டிக்கொடுக்கும். சக்கரத்தை நேரா வச்சிருக்கிறது கேஸ்டர்னு சொல்ற கோணம் ஒண்ணுதான், அதாவது சக்கரம் எந்த அச்சுல திரும்புதோ அந்த அச்சு மேல் பக்கம் பின்னாடி சாஞ்சிருக்கிற சாய்வு. அது சரியா இருந்தா சக்கரம் தானா நேராகும், குறைஞ்சா தள்ளாடும். எவ்வளவு இருக்கணும்ங்கிறது வண்டிக்கு வண்டி மாறும், பல சாலிட் ஆக்சில் வண்டிகளுக்கு 4 லேர்ந்து 6 டிகிரி சுத்துல சொல்வாங்க, உங்க வண்டி மேனுவல்ல இருக்கிறதுதான் கணக்கு.

முதல்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். அவங்க ஸ்டீயரிங் டேம்பர், அதாவது ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர், ஸ்டீயரிங் உதறலை அமுக்குற ஷாக் அப்சார்பர் மாதிரி ஒண்ணு, மாத்திக் கொடுத்தாங்க. உதறல் நின்னுச்சு. கொஞ்ச நாள்ல திரும்ப வந்துச்சு, முன்னை விட மோசமா. இதை நான் அழுத்தியே சொல்றேன், டேம்பர் நோயைத் தீர்க்கிற மருந்து கிடையாது, வலி தெரியாம இருக்கப் போடுற மாத்திரை. நல்லா இருக்கிற முன் ஆக்சிலுக்கு டேம்பரைக் கழட்டிட்டு ஓட்டினாலும் உதறல் வரக்கூடாது. டேம்பர் மாத்தினதும் நின்னுடுச்சுன்னா, எங்கேயோ ஒரு ஜாயிண்ட் லூஸா இருக்கு, அதை இது மறைச்சுட்டு இருக்குன்னு அர்த்தம், மறைச்சிருக்கிற நேரத்துல அந்த ஜாயிண்ட் இன்னும் தேயும். அது போக கேஸ் நிரப்பின டேம்பர் சிலது எப்பவும் ஒரு பக்கமா லேசா தள்ளிக்கிட்டே இருக்கும், இழுக்கிறப்போ ஸ்டீயரிங் நடுவுக்கு வராம இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அப்புறம் நானும் என் மச்சானும் சேர்ந்து வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணோம், இதைத்தான் எல்லாருக்கும் சொல்லணும்னு நினைக்கிறேன், ஒரு ஸ்பானர் கூட தேவை இல்லை. காரை சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு பின்னாடி முன்னாடி கட்டை வச்சுட்டு, டயர் தரையில இருக்கணும், ஜாக்கி போட்டு தூக்கக்கூடாது, இன்ஜின் ஆன்ல இருக்கட்டும், உள்ள ஒருத்தர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை கடிகாரத்துல பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் இடம் வலமா வேகமா ஆட்டிக்கிட்டே இருக்கணும். இன்னொருத்தர் டார்ச் எடுத்துட்டு கீழ படுத்து ஒவ்வொரு ஜாயிண்டா பார்க்கணும், கை விரலை ஜாயிண்ட் மேல வச்சும் பார்க்கலாம், நசுங்குற இடத்துல மட்டும் வைக்காதீங்க. டை ராடு (ரெண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புற கம்பி) எண்ட், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்கு போற கம்பி, drag link), ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸ்ல மாட்டியிருக்கிற போல்ட், டிராக் பாரோட (ஆக்சிலை பக்கவாட்டுல பிடிக்கிற கம்பி, track bar) ரெண்டு முனை, கண்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலை முன்னாடி பின்னாடி நகராம பிடிக்கிற கை) புஷ், எல்லாம். ஒரு பக்கம் அசையுது, அது கூட மாட்டியிருக்கிற இன்னொரு பக்கம் ஒரு நொடி தாமதமா அசையுதுன்னா அங்க பிளே இருக்குன்னு அர்த்தம்.

மச்சான் உள்ள உட்கார்ந்து ஆட்டிக்கிட்டே இருந்தான், நான் கீழ. டை ராடு எல்லாம் கெட்டியா இருந்துச்சு. டிராக் பார் ஆக்சில் பக்கம் மாட்டியிருக்கிற பிராக்கெட்ல டார்ச் அடிச்சதும் நிறுத்தச் சொன்னேன். போல்ட் தலையைச் சுத்தி செங்கல் பொடி மாதிரி சிவப்பா துரு தூள் வளையமா படிஞ்சிருந்துச்சு. திரும்ப ஆட்டச் சொன்னேன். போல்ட் அந்த ஓட்டைக்குள்ளேயே டிக் டிக்னு இடம் வலம் நகருது, கண்ணால பார்க்க முடியுது. கழட்டிப் பார்த்தா வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துல நீண்டிருக்கு, நீண்ட பக்கம் மட்டும் இரும்பு பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு இருக்கு. முன் ஆக்சில் முழுசையும் பக்கவாட்டுல நகராம பிடிச்சிருக்கிற ஒரே கம்பி அந்த டிராக் பார்தான். அந்த ஓட்டைக்குள்ள ஒரு மில்லிமீட்டர் பிளே இருந்தா போதும், ஆக்சிலே பக்கவாட்டுல அடிக்கும், சக்கரம் உதறும்.

இதுக்கு போல்ட்டை இன்னும் இறுக்கினா சரியாகாது. ஓட்டை போன பிராக்கெட்டுக்கு கெட்டியான இரும்புத் தகடு வச்சு வெல்டு பண்ணி சரியான சைஸுக்கு ஓட்டை போட்டோம், புது புஷ், புது போல்ட், டார்க் ரெஞ்ச் வச்சு மேனுவல்ல சொன்ன அளவுக்கு டைட். இங்க ஒரு முக்கியமான விஷயம், ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை கடைசியா டைட் வைக்கிறப்போ கார் தரையில தன் எடையில நிக்கணும். ஜாக்கியில தொங்கிட்டு இருக்கிறப்போ டைட் வச்சா, இறக்கினதும் புஷ் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழிஞ்சுடும்.

படபடப்பு இதோட நின்னுச்சு. ஆனா திரும்பினப்புறம் ஸ்டீயரிங் நடுவுக்கு வராத குறை அப்படியே இருந்துச்சு. அலைன்மென்ட் போட்டு பிரிண்ட் எடுத்தோம். அலைன்மென்ட் பண்றவங்க பெரும்பாலும் டோ-இன் (ரெண்டு முன் சக்கரமும் முன் பக்கம் உள்நோக்கி சாயிற அளவு) மட்டும் சரி பண்ணிட்டு பச்சை கலர் வந்துடுச்சுன்னு கொடுத்துடுவாங்க, நீங்க கேஸ்டர் நம்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. எங்களுக்கு அது மேனுவல்ல சொன்னதுல பாதி கூட இல்லை. காரணம் லிஃப்ட் கிட்தான், வண்டியை ஒசத்திட்டு பழைய கண்ட்ரோல் ஆர்மையே விட்டா ஆக்சில் முன் பக்கமா உருண்டுடும், கேஸ்டர் குறைஞ்சிடும். நீளம் மாத்திக்கிற மாதிரி இருக்கிற லோயர் கண்ட்ரோல் ஆர்ம் போட்டு கேஸ்டரைக் கூட்டினோம். ரொம்பவும் கூட்டக்கூடாது, புரொபெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு சக்தி கொண்டு போற சுழல்தண்டு) கோணம் கெட்டு வேற அதிர்வு வந்துடும், அதனால தெரிஞ்சவங்க கிட்ட பண்றது நல்லது. இப்போ திரும்பி முடிச்சதும் டேப் தானா நடுவுக்கு வருது.

டயர் பத்தி நிறைய பேர் சொல்லியிருக்காங்க, அதனால சுருக்கமா. பேலன்ஸ் போடுங்க, காத்தை டயர் குளிர்ந்திருக்கிறப்போ பாருங்க, முன் டயர்ல அலை அலையா குழி விழுந்து தேஞ்சிருந்தா அந்த டயரே அடுத்த உதறலைக் கிளப்பும், பார்ட்ஸ் எல்லாம் மாத்தினாலும் அந்த டயரை வச்சுக்கிட்டு ரிசல்ட் பார்க்க முடியாது. பால் ஜாயிண்ட்டும் வீல் பேரிங்கும் பார்க்க மட்டும் காரைத் தூக்கணும், ஜாக்கியை நம்பாம ஸ்டாண்டு வச்சுட்டு, டயரோட உச்சியையும் அடியையும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, டயருக்கு அடியில கடப்பாரை வச்சு லேசா நெம்பியும் பாருங்க.

இனி டோ பார். எங்க காரை ஒசத்தியிருந்ததால அதோட பேஸ் பிளேட் (கார் முன்னாடி டோ பாரை மாட்டுற இரும்பு அமைப்பு) மோட்டார்ஹோம் ஹிட்சை விட நல்லா மேல இருந்துச்சு. டோ பார் தரைக்கு சமமா இருக்கணும், வித்தியாசம் மூணு நாலு இன்ச்சுக்குள்ள இருக்கணும்னு தயாரிப்பாளர்கள் சொல்றாங்க, உங்க டோ பார் மேனுவல்ல சொன்ன அளவை எடுத்துக்கோங்க. ஹிட்ச் ரொம்ப தாழ்வா இருந்தா, பிரேக் பிடிக்கிறப்போ பின்னாடி கார் முன்னாடி தள்ளும்ல, அப்போ அதோட மூக்கு மேல எழும்பப் பார்க்கும், முன் டயர் மேல இருக்கிற எடை குறையும். ஹிட்ச் ரொம்ப ஒசரமா இருந்தா மேட்டுல ஏறி இழுக்கிறப்போ கார் மூக்கைத் தூக்கும். ரெண்டுலயும் முன் டயருக்கு பிடிப்பு போயிடும், சரியா அந்த டயரைத்தான் நாம நம்பிட்டு இருக்கோம். உயரத்தை சமன் பண்ற அடாப்டர் இருக்கு, மேல் பக்கமாவும் மாட்டலாம் கீழ் பக்கமாவும் மாட்டலாம். வாங்குறப்போ அதோட எடை தாங்குற அளவைப் பாருங்க, ஹிட்ச், அடாப்டர், டோ பார், பேஸ் பிளேட், இந்த நாலுல எது குறைவோ அதுதான் மொத்த செட்டப்போட அளவு.

முழு காரும் மெதுவா ஊசலாடுற வகைன்னா நான் பார்க்கச் சொல்றது ஹிட்ச் ரிசீவர் குழாய்க்குள்ள டோ பார் தண்டு எவ்வளவு ஆடுதுன்னு. ஒருத்தர் டோ பாரைப் பிடிச்சு ஆட்ட, இன்னொருத்தர் குழாய் வாய்ல பார்த்தா தெரியும். அங்க போட்டு இறுக்குற கிளாம்ப் விக்குது, அது நல்லாவே வேலை செய்யுது. அடுத்து டோ பாரோட ரெண்டு கையும் முழுசா நீண்டு லாக் ஆகியிருக்கணும். மாட்டினப்புறம் மோட்டார்ஹோமை நேரா கொஞ்சம் முன்னாடி மெதுவா நகர்த்தினா ரெண்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா லாக் ஆகும், இறங்கிப் போய் கண்ணால பாருங்க. ஒண்ணு மட்டும் லாக் ஆகாம இருந்தா கார் கோணலா வரும், பிரேக் பிடிக்கிறப்போ எல்லாம் இடிக்கும். பேஸ் பிளேட் போல்ட்டும் லூஸாகும், புதுசா மாட்டினதுன்னா முதல் பயணத்துக்கு அப்புறம் டார்க் ரெஞ்ச் போட்டு ஒரு தடவை பார்த்துடுங்க. மோட்டார்ஹோமே காத்துல அலையுற வண்டின்னா, பின் ஆக்சிலுக்கு பின்னாடி நீண்டு போற பின் பாகம் காரோட மூக்கைப் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டே இருக்கும், அப்போ வேலை முன்னாடி வண்டியில இருக்கு, காரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கார் பக்கம் இன்னும் ரெண்டு விஷயம். ஸ்டீயரிங் லாக் விடுபட்டு இருக்கணும், சீட் பெல்ட்டால ஸ்டீயரிங்கைக் கட்டி வைக்கிறது எல்லாம் இந்த மாதிரி இழுக்கிறதுல கூடவே கூடாது, சக்கரம் திரும்ப முடியாம டயரும் டோ பாரும் போயிடும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் இருக்கிற கார்னா மேனுவல்ல இழுக்கிற பகுதியை வரி விடாம படிங்க, சில மாடல்களுக்கு இழுக்கிறப்போ ஸ்டீயரிங் மோட்டாருக்கு கரண்ட் போற மாதிரி தனி வயரிங்கை தயாரிப்பாளரே கொடுக்கிறாங்க, அது இல்லாம இழுத்தா முன் சக்கரம் உதறும்ங்கிறதுக்காகவே. அந்த மாதிரி கார்ல டிராக் பாரைத் தேடிக்கிட்டு இருக்கிறது வீண் வேலை.

கார்ல தனியா பிரேக் அமுக்குற கருவி வச்சிருக்கவங்க, அது பெடலை முழுசா விடுதான்னு பாருங்க. லேசா அமுக்கியே இருந்தா ஒரு பக்க சக்கரம் பிடிச்சு இழுக்கும், ஆட்டம் மாதிரியே தெரியும். நான் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நாலு சக்கர ஹப்புக்கும் காட்டுறேன், நம்பர் என்னங்கிறதை விட நாலும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்காங்கிறதுதான் முக்கியம். ஒண்ணு மட்டும் ரொம்ப சூடா இருந்தா பிரேக்கோ பேரிங்கோ, அங்கேயே நிறுத்திப் பார்த்துடணும்.

கடைசியா, ஒரு நேரத்துல ஒரு பொருளை மட்டும் மாத்துங்க, மாத்தினதும் அதே ரோட்ல அதே வேகத்துல டேப் வீடியோ எடுத்துப் பாருங்க. உதறல் பெரும்பாலும் 45 லேர்ந்து 55 மைல், அதாவது 70 லேர்ந்து 90 கிலோமீட்டர் வேகத்துல, ஒரு மேடு தட்டினா கிளம்பும், அதனால டெஸ்ட்டும் அந்த வேகத்துக்கு போகணும், தெருவுக்குள்ள மெதுவா சுத்திட்டு சரியாயிடுச்சுன்னு முடிவு பண்ணக்கூடாது. டெஸ்ட் முடிஞ்சு திரும்புறப்போ ரிவர்ஸ் மட்டும் எடுத்துடாதீங்க, காரோட முன் சக்கரம் ஒரே பக்கமா முழுசா திரும்பி டோ பார் கை வளைஞ்சிடும், திரும்ப இடம் இல்லைன்னா காரைக் கழட்டிட்டு திருப்புங்க.